அப்பாயியின் பென்ஷன் சம்பளமா, இல்லையா?



இந்த முறை நம்ம பாடத்தோடு ஒட்டிய விஷயம். 'இன்கம் டாக்ஸா, ஆளை விடுடா சாமி' என்று ஓடிவிடாதீர்கள். கணக்கு குறைவு, கதை அதிகம். கதை ஆரம்பிப்பது வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில். நடுவில் 1860 வரைக்கும் போய்விட்டு வருவோம்.

என் அப்பாயிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. தாத்தா ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அப்பாயிக்கு மாதம் 19,500 ரூபாய். தாத்தா விட்டுப்போன பணம் வங்கி டெபாசிட்டில் இருக்கிறது, அதில் அந்த வருஷம் 62,000 ரூபாய் வட்டி வந்தது. 15எச் படிவம் கொடுக்க மறந்துவிட்டோம் (மறந்தது நான்தான், அப்பாயி இல்லை). வங்கியில் 6,200 ரூபாயை டிடிஎஸ் என்று பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்யணும். 'பி.காம் படிக்கிற பிள்ளைய வீட்ல வச்சிக்கிட்டு ஆடிட்டருக்கு எதுக்குக் காசு?' என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். 2025 ஜூலையில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

பென்ஷன் என்றால் சம்பளத் தலைப்பில் வரும் என்று படித்திருக்கிறோமே! 2,34,000 ரூபாயைச் சம்பளக் கட்டத்தில் போட்டு, நிலைக்கழிவு 75,000ஐக் கழித்து, கெத்தாக எங்கள் சாரிடம் காட்டினேன். சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'தம்பி, உங்க தாத்தா வாங்கினா அது சம்பளம். உங்க அப்பாயி வாங்கினா சம்பளம் இல்ல. இதர வருமானத்துல கொண்டுபோய் போடு' என்றார்.

எப்படிப் போட்டாலும் அப்பாயிக்கு வரி பூஜ்யம்தான். வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் சும்மா சொல்லி வைத்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டது: 'ஏஞ்சாமி, அந்த மனுசன் முப்பத்தஞ்சு வருசம் சாக்பீஸ் தூசியத் தின்னு சம்பாரிச்சது. அது சம்பளம் இல்லாம வேற என்னவாம்?'

என்னிடம் பதில் இல்லை. பாடப் புத்தகத்தில் 'முதலாளி-தொழிலாளி உறவு இல்லை, ஆகவே இதர வருமானம்' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

சரி, 1860க்குப் போவோம். 1857 புரட்சியை அடக்கியதில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் கஜானா காலி. பணத்துக்கு வழி பண்ண லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையை 1843ல் ஆரம்பித்தவர் இவர்தான். இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்த புண்ணியவானும் இவரே. வருமானத்தை அவர் நாலாகப் பிரித்தார்: நிலம், தொழிலும் வியாபாரமும், கடன் பத்திரங்கள், நாலாவதாகச் சம்பளமும் ஓய்வூதியமும். ஆக, இந்த நாட்டில் வருமான வரி பிறந்த அன்றே பென்ஷனும் அதற்குள் இருந்தது. வருஷத்துக்கு 200 ரூபாய் வந்தாலே வரி.

இதை அப்போது பலமாக எதிர்த்த ஒரு ஆள் நம்ம சென்னையில் இருந்தார், அதுவும் கவர்னர் நாற்காலியில்! சர் சார்லஸ் டிரெவெலியன். இந்த வரி வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல் அதைப் பத்திரிகையிலும் வரும்படி செய்துவிட்டார். ஒரு மாகாண கவர்னர் மேலிடத்துக் கொள்கையை ஊரறிய எதிர்ப்பதா? 1860லேயே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வில்சனும் அதே வருஷம் ஆகஸ்டில் கல்கத்தாவில் சீதபேதியில் இறந்துபோனார். பிறகுதான் வேடிக்கை. விரட்டப்பட்ட டிரெவெலியன் சில வருஷத்தில் இந்திய அரசின் நிதிப் பொறுப்புக்கே திரும்பி வந்தார். 1865ல் அவர் காலத்திலேயே அந்த வரி காலாவதியானது. (இதை ஒரு சினிமாவாக எடுக்கலாம்.)

அப்புறம் வரி போவதும் வருவதுமாக இருந்து, 1886ல் நிலையாக உட்கார்ந்தது. அந்தச் சட்டம் விவசாய வருமானத்தை விட்டுவிட்டது. நம்ம ஊர் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் இன்றுவரை வருமான வரி இல்லாததன் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் பென்ஷனை விடவில்லை. சம்பளம், ஓய்வூதியம், பணிக்கொடை எல்லாம் ஒரே பகுதியில் போடப்பட்டன. 1922 சட்டத்திலும் அப்படியே, 1961 சட்டத்திலும் அப்படியே. 1961 சட்டத்தில் 'சம்பளம்' என்றால் என்ன என்று சொல்லும் 17ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். கூலிக்கு அடுத்ததாகவே ஆண்டுத்தொகை, ஓய்வூதியம் என்று வரும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று வைக்கப்பட்டது. அதிலும் பென்ஷன் சம்பளம்தான்.

இங்கே எனக்கு ஒரு உறுத்தல். வரி வாங்கும்போது பென்ஷனைச் சம்பளம் என்று சொன்ன அதே அரசு, கொடுக்கும்போது அப்படிச் சொல்லவில்லை. 1871ல் ஓய்வூதியச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். கலெக்டர் சான்று கொடுத்தால் ஒழிய, பென்ஷன் சம்பந்தமாக சிவில் கோர்ட்டில் வழக்கே போட முடியாது. கடன்காரன் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்று ஒரு நல்ல விஷயமும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: பென்ஷன் சர்க்கார் மனமிரங்கிக் கொடுப்பது. கேட்டு வாங்கும்போது தானம், வரி கட்டும்போது சம்பளம்!

சுதந்திரம் வந்த பிறகும் இந்த எண்ணம் சீக்கிரம் போகவில்லை. 1971ல் தேவகிநந்தன் பிரசாத் என்ற பீகார் கல்வித் துறைக்காரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் தயவு அல்ல, உரிமை, அது ஒருவகைச் சொத்து என்று சொன்னது. 1871 சட்டத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தது எடுபடவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய வழக்கு. டி.எஸ். நகரா, பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972ல் ஓய்வு பெற்றவர். 1979 மே 25ஆம் தேதி மத்திய அரசு பென்ஷன் கணக்கிடும் முறையைத் தாராளமாக்கியது. ஆனால் 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். மார்ச் 30 அன்று ஓய்வு பெற்றிருந்தால் பழைய கணக்குதான். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலை பார்த்த ரெண்டு பேருக்கு, ஒரு நாள் வித்தியாசத்தில் ரெண்டு விதமான முதுமை. நகரா வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். 1982 டிசம்பர் 17ஆம் தேதி தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். அப்படித் தேதி வைத்துப் பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றார்கள். பென்ஷன் பிச்சையும் அல்ல, முதலாளியின் தயவும் அல்ல, ஏற்கெனவே செய்த வேலைக்குத் தள்ளிவைத்துக் கொடுக்கப்படும் ஊதியம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். டிசம்பர் 17ஐ இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுவது இதனால்தான். தாத்தா உயிரோடு இருந்தவரை அந்த நாளில் வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்குக் கூட்டத்துக்குப் போவார். ஏதோ சங்கக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நகரா தீர்ப்பின்படி பார்த்தால் பென்ஷனைச் சம்பளமாக நினைத்து வரி போடுவது நியாயம். தள்ளிவைத்த சம்பளம் என்றால் தள்ளிவைத்த வரியும் உண்டுதானே. அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை எங்கே என்றால், அது சம்பளம் என்ற கொள்கையைச் சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்கிறதா என்பதில்.

ஓய்வு பெறும் அன்று கைக்கு வருவது மாதப் பென்ஷன் மட்டும் இல்லை. பணிக்கொடை வரும். ஈட்டிய விடுப்பை ஒப்படைத்த பணம் வரும். பிறகு கம்யூடேஷன். தெரியாதவர்களுக்கு: பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு மொத்தத் தொகையை முன்னாடியே வாங்கிக்கொள்வது. பெண் கல்யாணம், வீடு கட்டுவது எல்லாம் பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் நடக்கும். எங்கள் வீட்டு மாடியும் அப்படித்தான் எழும்பியது.

முன்பெல்லாம் விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான், சாகும்வரை குறைந்த பென்ஷன். 'காமன் காஸ்' என்ற அமைப்பு வழக்குப் போட்டு, 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 15 வருஷத்துக்குப் பிறகு முழுப் பென்ஷனையும் திரும்பக் கொடு என்றது. கொடுத்த பணம் ஏறத்தாழ 12 வருஷத்திலேயே அரசுக்குத் திரும்பி வந்துவிடுகிறது, இடையில் ஆள் இறந்துபோகும் நஷ்டத்துக்காக மேலே ஒரு சில வருஷம் என்று கணக்கு.

இப்போது வரிக்கு வருவோம். மாதாமாதம் வரும் பென்ஷன், கம்யூட் செய்தது போக மீதி, முழுவதும் சம்பளமாக வரிக்கு உட்பட்டது, அரசு ஊழியருக்கும் தனியாருக்கும் ஒன்றே. மொத்தமாக வாங்கிய கம்யூடேஷன் பணம் மட்டும் வேறு கதை. மாட்டை விற்ற காசு வேறு, பால் விற்ற காசு வேறு இல்லையா, அந்த மாதிரி. ஆனால் யாருடைய மாடு என்று பார்த்து வரி போடுகிறார்கள்!

ஒரு உதாரணம். கணேசன், முருகன், செல்வம் என்று மூன்று பேர் (பெயர்கள் கற்பனை). மூன்று பேருக்கும் முழுப் பென்ஷன் மாதம் 24,000. மூன்று பேரும் அதில் சரிபாதியைக் கம்யூட் செய்து ஆளுக்கு 12 லட்சம் வாங்குகிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் முழுப் பென்ஷனின் கம்யூடேஷன் மதிப்பு 24 லட்சம்.

கணேசன் அரசு ஊழியர். 12 லட்சத்துக்கும் வரி கிடையாது.

முருகன் தனியார் கம்பெனி. அவருக்குப் பணிக்கொடையும் வந்தது. அதனால் முழு மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் விலக்கு, அதாவது 8 லட்சம். மீதி 4 லட்சம் அந்த வருஷச் சம்பளமாகச் சேர்க்கப்படும்.

செல்வமும் தனியார் கம்பெனிதான், ஆனால் பணிக்கொடை கிடைக்கவில்லை. அவருக்குப் பாதிக்கு விலக்கு. 24ல் பாதி 12. வரி இல்லை.

கவனித்தீர்களா? முருகனுடைய பென்ஷனுக்கு எவ்வளவு வரி என்பதை அவருடைய பணிக்கொடை முடிவு செய்கிறது. அந்தப் பணிக்கொடை எவ்வளவு என்று சட்டம் கேட்பதில்லை. ஏதாவது வாங்கினாயா, இல்லையா, அவ்வளவுதான். அம்பதாயிரம் வாங்கியவருக்கும் அதே மூன்றில் ஒன்று, இருபது லட்சம் வாங்கியவருக்கும் அதே மூன்றில் ஒன்று. பணிக்கொடை கிடைக்காதவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுப்போம் என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடுதான் இது. ஆனால் சின்னப் பணிக்கொடை வாங்கியவன் ரெண்டு பக்கமும் அடி வாங்குகிறான். (எல்.ஐ.சி. மாதிரி நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட ஓய்வூதிய நிதியிலிருந்து கம்யூட் செய்தால் முழு விலக்கு உண்டு. பரீட்சையில் கேட்டால் அதையும் எழுதுங்கள்.)

பணிக்கொடையிலும் இதே பாகுபாடு. அரசு ஊழியருக்கு முழு விலக்கு. மற்றவர்களுக்கு உச்சவரம்பு: 2010ல் 10 லட்சம், 2018லிருந்து 20 லட்சம். விடுப்பு ஒப்படைப்புப் பணம் இருக்கிறதே, அதன் கதை இன்னும் மோசம். ஓய்வின்போது அரசு ஊழியர் வாங்கினால் முழு விலக்கு. மற்றவர்களுக்கு 3 லட்சம்தான் என்று 2002ல் ஒரு வரம்பு வைத்தார்கள். வைத்தவர்கள் அதை மறந்தே போனார்கள். 2023 பட்ஜெட்டில்தான், நம்ம திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் படித்த நிர்மலா சீதாராமன் அதை எடுத்துப் பேசினார். அந்த 3 லட்சம் நிர்ணயிக்கப்பட்ட 2002ல் அரசுப் பணியில் உச்சபட்ச அடிப்படைச் சம்பளமே மாதம் 30,000தான் என்று அவரே பட்ஜெட் உரையில் சொன்னார். பிறகு வந்த அறிவிப்பின்படி 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சம். இருபத்தொரு வருஷம்! அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளில் உழைத்து, அந்த இருபத்தொரு வருஷத்துக்குள் ஓய்வு பெற்று, 3 லட்சத்துக்கு மேல் விடுப்புப் பணம் வாங்கியவர்கள் மிச்சத்துக்கு வரி கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். 1979 மார்ச் 31 என்று தேதி போட்டதற்காக நகரா நீதிமன்றம் போனார். வரிச் சட்டத்தில் இப்படி எத்தனை மார்ச் 31கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கெல்லாம் நகரா இல்லை.

வரம்பை வைத்துவிட்டு மறந்துபோவது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசுப் பென்ஷன் 1935லிருந்து இருக்கிறது. அதற்கு வருமான வரி கிடையாது என்றே பல வருஷம் ஓடியது. 1983ல் ரீகன் காலத்தில் சட்டம் திருத்தி, 1984லிருந்து வரி போட ஆரம்பித்தார்கள். அதிலும் ஒரு வினோதம்: அந்த அரசுப் பணத்தில் பாதியையும், கம்பெனிப் பென்ஷன் போன்ற மற்ற வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். தனி ஆளுக்கு 25,000 டாலர், தம்பதிக்கு 32,000 டாலர் தாண்டினால் அரசுப் பணத்தில் ஒரு பகுதிக்கு வரி. அதாவது ஒரு பென்ஷன் இன்னொரு பென்ஷனை வரிக்குள் இழுத்துக்கொண்டு வரும். நம்ம முருகன் கதைதான், கோட்டு சூட்டு போட்டிருக்கிறது. அந்த 25,000மும் 32,000மும் 1983ல் எழுதியது, விலைவாசி எவ்வளவோ ஏறிய பிறகும் அப்படியே நிற்கிறது.

தனியார் துறை என்றதும் இன்னொன்று. இபிஎஃப் பிடிக்கும் கம்பெனித் தொழிலாளிக்கு 1995 நவம்பர் 16லிருந்து இபிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டம் உண்டு. 2014 செப்டம்பரில் அதில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். ஆயிரம் ரூபாய்! எந்தத் தலைப்பில் போட்டாலும் அதற்கு வரி வராது. 2008 செப்டம்பரில் அந்தத் திட்டத்தில் கம்யூடேஷனையும் எடுத்துவிட்டார்கள். மேலே நான் சொன்ன சண்டை எதுவுமே இவர்களுக்கு இல்லை, சண்டை போடும் அளவுக்குப் பணம் வந்தால்தானே.

சரி, அப்பாயியிடம் வருவோம். அதுதானே கேள்வி.

கணவர் இறந்த பிறகு மனைவிக்கு மாதாமாதம் பணம் என்கிற இன்றைய ஏற்பாடு மத்திய அரசில் 1964 ஜனவரி 1லிருந்து வந்தது. ஆனால் சும்மா வரவில்லை. அந்தத் திட்டத்தில் சேர, ஊழியர் தன் ரெண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைப் பணிக்கொடையிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும். 1977 செப்டம்பர் 22 அன்றுதான் இந்தப் பிடித்தம் ரத்தானது. 1964க்கு முன்பு ஓய்வு பெற்றவர்கள், பங்களிப்புக் கொடுக்காதவர்கள் ஆகியோரின் விதவைகள் அதன் பிறகும் வெளியிலேயே நின்றார்கள். திருமதி பூனமல் என்பவரும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1985ல் அவர்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று ஆனது. நகரா தீர்ப்பை எழுதிய அதே தேசாய்தான் இதிலும்.

இதைப் படித்ததும் எனக்கு அப்பாயியின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி இருந்தது. ஊழியன் தன் பணிக்கொடையிலிருந்து வெட்டிக்கொடுத்து, 'நான் போன பிறகு இவளுக்குக் கொடு' என்று வாங்கி வைத்த பணம் அது. பிடித்தம் ரத்தான பிறகும் வேலைக்குச் சேரும்போது கிடைக்கும் நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. தள்ளிவைத்த சம்பளம் என்று நகரா வழக்கில் சொன்னது ஊழியரின் பென்ஷனுக்குப் பொருந்துமென்றால், இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தால் மட்டும் அது எப்படி வேறு ஒன்றாக மாறும்?

சட்டத்தின் பதில்: சம்பளம் என்று சொல்ல, வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இடையே வேலை உறவு இருக்க வேண்டும். அப்பாயி அரசிடம் வேலை பார்க்கவில்லை. ஆகவே வங்கி வட்டியோடு சேர்த்து 'இதர வருமானம்'. (அப்பாயி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கிக் கட்டிக் கொடுக்காமல் தாத்தா எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போயிருப்பார் என்பதைச் சட்டம் கேட்காது, நாமும் கேட்க வேண்டாம்.) சட்டத்தின் எழுத்துப்படி இது சரிதான். சம்பளத் தலைப்பின் கழிவுகள் கிடைக்காது என்பதால், குடும்ப ஓய்வூதியத்துக்கென்று தனியாக ஒரு கழிவு கொடுத்தார்கள்: மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000, இதில் எது குறைவோ அது. வருஷத்துக்கு 45,000க்கு மேல் வாங்குகிற எவருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு வெறும் அலங்காரம், கிடைப்பது 15,000தான்.

சம்பளத் தலைப்பில் நிலைக்கழிவு 1974ல் வந்தது. 2005ல் நம்ம சிவகங்கை ப. சிதம்பரம் அதை எடுத்தார். அதற்கடுத்த வருஷங்களில் சாதாரண ஓய்வூதியருக்கு நிலைக்கழிவே இல்லை, விதவைக்கோ 15,000 இருந்தது. அப்போது விதவையே கொஞ்சம் மேல் என்று சொல்லலாம், அதையும் சொல்லித்தான் ஆகணும். 2018ல் அருண் ஜெட்லி 40,000 என்று திரும்பக் கொண்டுவந்தார். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் இது உண்டா என்று குழப்பம் வர, உண்டு என்று வரித் துறை அந்த ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. அடுத்த வருஷம் 50,000 ஆனது. குடும்ப ஓய்வூதியத்தின் 15,000 மட்டும் அசையவில்லை.

அசையாததால் என்ன ஆகும்? 2019-20 நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு மூத்த குடிமக்கள், அறுபது தாண்டியவர்கள். ஒருவர் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் விதவை. ரெண்டு பேருக்கும் வருஷத்துக்கு 5,30,000 பென்ஷன், வேறு வருமானமோ கழிவோ இல்லை. ஓய்வு பெற்றவருக்கு 50,000 போக 4,80,000. அஞ்சு லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். விதவைக்கு 15,000 போக 5,15,000. அஞ்சு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி போச்சு. மூணு லட்சத்துக்கு மேல் அஞ்சு லட்சம் வரை 5 சதவீதம் 10,000, அதற்கு மேல் 15,000த்துக்கு 20 சதவீதம் 3,000, செஸ் 4 சதவீதம் 520. மொத்தம் 13,520 ரூபாய். ஒரே தொகை, ஒரே வயசு. மருந்துக் கடையில் ரெண்டு பேருக்கும் ஒரே விலைதான். வித்தியாசம், ஒருவர் உழைத்தவர், மற்றவர் உழைத்தவரின் மனைவி என்பது மட்டும்.

2024 ஜூலை பட்ஜெட்டில், புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு நிலைக்கழிவை 75,000 ஆக்கினார்கள், குடும்ப ஓய்வூதியத்துக்கு 15,000ஐ 25,000 ஆக்கினார்கள். ரெண்டும் ஏறியது, இடைவெளி 35,000த்திலிருந்து 50,000 ஆனது! 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று வந்ததால், 2025-26லிருந்து அநேகமாக எந்த விதவைக்கும் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கப்போவதில்லை. நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், வலி நின்றது என்று சொல்லலாம். தலைப்பு மாறவில்லை. போரில் பணியின்போது உயிர் இழந்த படைவீரரின் குடும்பத்துக்கு வரும் ஓய்வூதியத்துக்கு முழு வரிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள், அது பாராட்ட வேண்டியது. அதே சட்டம் நினைத்தால் மற்றவர்களுக்கும் தலைப்பை மாற்றி எழுத ஒரு வரி போதும்.

இன்னொரு பக்கம் நம்ம வயசுக்காரர்களுக்கு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று கொண்டுவந்தார்கள். மத்திய அரசே 2004 ஜனவரி 1லிருந்துதான் அப்படிச் செய்தது, நாம் ஒன்பது மாதம் முந்திக்கொண்டோம். அந்த 2003 ஜூலையில்தான் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரே அடியாக டிஸ்மிஸ் ஆனார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதணும், இங்கே ஆரம்பித்தால் முடியாது.

அப்பாயி ரிட்டர்னைக் கடைசியில் சார் சொன்ன மாதிரியே போட்டேன். குடும்ப ஓய்வூதியம் 2,34,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 78,000, குறைவானது 25,000, ஆக 25,000 கழித்து 2,09,000. வட்டி 62,000. மொத்தம் 2,71,000. வரி இல்லை. பிடித்த 6,200ஐத் திருப்பிக் கொடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நகரா, பூனமல், தள்ளிவைத்த சம்பளம், 1964, 1977 எல்லாவற்றையும் அப்பாயிக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். 'உங்க கேள்வி சரிதான் அப்பாயி, சட்டம்தான் பாதியில நிக்குது' என்றேன். அப்பாயி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெற்றிலைப் பெட்டியை மூடியது.

'அதெல்லாம் கெடக்கட்டும் சாமி. அந்த ஆறாயிரத்து எரநூறு வந்துருச்சா?'

'வந்துருச்சு அப்பாயி.'